வைகாசிக் கடைசி வெள்ளியில் வைத்த நிலை

அந்த வீட்டின் முதற்கல்லை மேசன் மீராசாஹிபு இரண்டு தரம் நாட்டினார்.

தைப்பொங்கல் முடிந்து, பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த அடுத்த கிழமை அது. காரைதீவில் நல்லரெத்தினத்தின் வளவுக்குள், அவருடைய மகள் துஷாந்தினிக்குச் சீதன வீடு. நல்லரெத்தினம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வீட்டு விசயம் முழுக்க அவர் மனைவி தங்கேஸ்வரியின் கையில். தங்கேஸ்வரி நம்புகிற சாத்திரியார் வாக்கிய பஞ்சாங்கக்காரர். அவர் விடியற்புறம் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். சுவிஸில் இருக்கும் மகன் திருக்கணித பஞ்சாங்கத்தைத் தொலைபேசிக்குள் வைத்துப் பார்க்கிறவன். அந்த நேரம் பிழை, வெயில் ஏறிய பிறகுதான் சுத்தமான நேரம் என்று அவன் அங்கிருந்து சொன்னான். ஒரே சூரியன், ஒரே ஊர், இரண்டு கணக்கு. மகனையும் பகைக்க ஏலாது, சாத்திரியாரையும் பகைக்க ஏலாது. ஆகவே விடியற்புறம் கல்லை நாட்டி, தேத்தண்ணி குடித்து, வெயில் ஏறும்வரை குந்தியிருந்து, அதே கல்லைக் கிண்டி எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி, மறுபடியும் நாட்டினார்கள். கல்லுக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கு நாலு வார்த்தை ஏசியிருக்கும் என்று மீராசாஹிபு தன் மச்சான் றிஸ்மியிடம் சொன்னார். றிஸ்மி அவருடைய மனைவி ஜெமீலாவின் தம்பி. பத்து வருசமாக அவரோடு கல் அடுக்குகிறவன்.

மாசியில் அத்திவாரம் எழும்பியது. சுவரைத் தொடங்குவோம் என்று பார்த்தால் பங்குனி பிறந்துவிட்டது. பங்குனி மூலை மாதமாம். ஆனி, புரட்டாதி, மார்கழி, பங்குனி என்று வருசத்துக்கு நாலு மூலை மாதம். அதற்குள் வீட்டு வேலை தொடங்கினால் குடும்பம் மூலைக்குள் போய்விடுமாம். மாதம் முழுக்க வேலை இல்லை. கொட்டிலுக்குள் அடுக்கிய சீமெந்துப் பைகளில் அடியில் கிடந்தவை கல்லாகிப் போயின. அவற்றை உடைத்து வாசலில் பள்ளம் நிரப்பினார்கள்.

சித்திரை வந்தது. வருசமும் இரண்டு தரம் பிறந்தது. ஒரு பஞ்சாங்கத்துக்கு முந்தி, மற்றதுக்குப் பிந்தி. தங்கேஸ்வரி வீட்டில் இரண்டுக்கும் மருத்துநீர் வைத்து முழுகினார்கள். இரண்டாம் முழுக்கோடு நல்லரெத்தினத்துக்குத் தடிமன் பிடித்தது. அதற்குப் பிறகு வேலை தொடங்க ஒரு நேரம். அந்த நேரத்துக்கு மீராசாஹிபு ஆட்களோடு வந்து ஒரேயொரு கல்லை வைத்தார். இன்றைக்கு இவ்வளவும் போதும் காக்கா என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, பலகாரப் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஆள் வந்து ஒரு கல் வைத்த நாள் தன் தொழிலில் அதுதான் என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னார். ஜெமீலா பலகாரம் நல்லாயிருக்கிறது என்றாள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது. அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊருக்குள் மண்வெட்டி எடுக்கிற பேச்சில்லை. அதுவும் சரிதான் என்று மீராசாஹிபு பொறுத்துக்கொண்டார். தன் ஊரிலும் கந்தூரிக்கும் பெருநாளுக்கும் யாரும் வேலைக்குப் போவதில்லை. குளிர்த்தி முடிந்து பக்கச் சுவரும் பின்சுவரும் எழும்பின. முன்சுவர் மட்டும் எழும்பவில்லை. முன்சுவர் எழும்ப வாசல் நிலை வைக்கவேண்டும். நிலை வைக்க நாள் வேண்டும்.

இங்கேதான் எல்லாம் வந்து முட்டியது. துஷாந்தினிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தம்பிலுவில் ஊர்க்காரன். மாப்பிள்ளையின் தாய் வெற்றிலை மாற்றிய அன்றைக்கே பேச்சை நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தா: வீடு முடிந்தால் ஆவணி, முடியாவிட்டால் வேறு இடம் பார்க்க அவர்களுக்கு ஆள் இருக்கிறது. இந்தக் கரையில் தமிழருக்கும் சரி, சோனக முஸ்லிம்களுக்கும் சரி, சீதன வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. மூன்று பெண் பிள்ளைகளுக்கு மூன்று வீடு கட்டி முதுகு வளைந்த மீராசாஹிபுவுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. துஷாந்தினிக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணப் பேச்சு வீட்டால் குழம்பியிருந்தது. அதனால்தான் நல்லரெத்தினம் கை பிடித்துக் கேட்டபோது, ஆவணிக்கு முந்தி வீட்டை முடித்துத் திறப்பைக் கையில் தருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

நிலை வைக்க மிஞ்சியது வைகாசி முடிகிற கடைசி வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் ஆகாது. திங்கள் ஆனி பிறக்கிறது, மூலை மாதம். அதற்குப் பின்னால் ஆடி. ஆடியில் நிலை வைப்பவன் இல்லை. அந்த வெள்ளியை விட்டால் ஆவணிதான். ஆவணியில் நிலை வைத்தால் எப்போது முன்சுவர், எப்போது கூரை, எப்போது கல்யாணம்?

வெள்ளிக்கிழமை மீராசாஹிபு வேலை செய்வதில்லை. அதைக்கூட அவர் விட்டுக்கொடுத்தார். விடிய வந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். அப்போதுதான் நேரத்தைச் சொன்னார்கள்.

பகல் பன்னிரண்டு அடித்து நாலாம் நிமிசம்.

மீராசாஹிபு கையிலிருந்த கரண்டியைக் கலவைக்குள் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“தங்கச்சி, வெள்ளிக்கிழம பன்னிரண்டு மணிக்கு நாங்க எங்க போறண்டு ஒங்களுக்குத் தெரியாதா?”

தங்கேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்துதான் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு கதைத்தாள். துஷாந்தினியின் நட்சத்திரத்துக்கு அன்றைக்குக் காலை ஆகாது. பத்தரைக்கு இராகு காலம் தொடங்கிப் பன்னிரண்டுக்குத்தான் விடுகிறது. பின்னேரம் வேறு தோசம். உச்சி வெயிலில் அபிஜித்து என்று ஒரு நேரம் இருக்கிறது. சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கிற அந்த நேரத்தில் எந்தத் தோசமும் நிற்காதாம். அது மட்டும்தான் சுத்தம். இதில் பெரிய வினோதம், ஐந்து மாதமாக ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய இரண்டு பஞ்சாங்கமும் இதற்கு மட்டும் ஒத்துப்போயிருந்தன. சாத்திரியாரும் அந்த நேரம்தான் என்றார். சுவிஸ் மகனும் அந்த நேரம்தான் என்றான்.

“ஒரு நாளும் ஒத்துப்போகாததுகள் எனக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகேக்குள்ளதான் ஒத்துப்போகணுமா?” என்றார் மீராசாஹிபு. ஒருவரும் சிரிக்கவில்லை.

வேறு மேசனைப் பிடியுங்கள், காரைதீவிலேயே நல்ல கைகாரர் இருக்கிறார்கள், நிலையை மட்டும் அவர்கள் வைக்கட்டும், நான் கோபிக்கமாட்டேன் என்றார். தங்கேஸ்வரி அதற்கு ஒரேயடியாக மாட்டேன் என்றாள். அவளுடைய அக்கா வீட்டு நிலையை மீராசாஹிபு வைத்த வருசம்தான் அந்த அக்காவின் மகளுக்கு, ஒன்பது வருசமாகத் தங்காத பிள்ளை தங்கியது. இரண்டு வீடு தள்ளி வேறொருவர் நிலை வைத்தார். அந்த வீட்டுக்காரன் அறுவடைக்கு முதல்நாள் மாவடிப்பள்ளிப் பாலத்தில் விழுந்து காலை முறித்தான். ஊருக்கு அது போதும். மீராசாஹிபு காக்காவுக்குக் கைராசி. பள்ளிவாசலில் தலை குனிகிற மனிதனின் கைக்கு எந்தக் கிரகம் ராசியைக் கொடுத்ததென்று அவர் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். கைராசிக்காரர் அப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார் என்று அதையும் ராசியோடு சேர்த்துவிட்டார்கள்.

நல்லரெத்தினம் நடுவில் வந்தார். எல்லாம் ஆயத்தமாக இருக்கும், பன்னிரண்டு நாலுக்குத் தூக்கி வைத்தால் பத்து நிமிசத்தில் முடிந்துவிடும், மாளிகைக்காட்டுப் பள்ளி மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிசம், பிரசங்கம் தொடங்கமுதல் போய்விடலாம், ஒரு நிமிசமும் பிந்த விடமாட்டேன் என்று தன் சாரதி நேர்த்தியின் மேல் சத்தியம் பண்ணினார். துஷாந்தினி பின்சுவர் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறந்திருந்தால் மீராசாஹிபு மாட்டேன் என்று சொல்லியிருப்பார். அவள் சும்மா நின்றதுதான் அவரைப் பிடித்தது.

வீட்டில் ஜெமீலா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“நீங்க பள்ளிக்குப் போறீங்களா, நிலைக்குப் போறீங்களா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டு தோணியில கால வைக்கிறவன் எங்க விழுவான்?”

அவர் தொழுகைக்குப் போகிற வெள்ளைச் சாரனை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கச்சான் காற்று எடுத்து வீசியது. மாவடிப்பள்ளி வயல் பக்கமிருந்து வந்த சூட்டில் கலவைத் தண்ணி குழைக்கக் குழைக்கக் காய்ந்தது. முதிரை மரத்து நிலை வாசலுக்கு முன்னால் இரண்டு வாங்கின் மேல் படுத்துக் கிடந்தது. நல்ல வேலை. மேற்சட்டத்தின் நடுவில் தாமரையில் லட்சுமி, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானை. மரவேலை செய்த ஓடாவி அதை வியாழக்கிழமை கொண்டுவந்து இறக்கியபோதே, தெருப்பக்கம் பார்க்கவேண்டிய முகத்தில் மீராசாஹிபு கரிக்கட்டியால் ஒரு பெரிய புள்ளடி போட்டு வைத்திருந்தார். நாற்பது வருசப் பழக்கம் அது. புள்ளடி தெருவுக்கு, கதவு வந்து படிகிற காடி வீட்டுக்குள்ளே.

காலையில் வந்து பார்த்தால் நிலை தலை முதல் கால்வரை மஞ்சள் துணியால் சுற்றிக் கிடந்தது. கண்ணூறு படும் என்று தங்கேஸ்வரி விடியவே மஞ்சள் தண்ணியால் கழுவிச் சுற்றிவிட்டாளாம். நேரம் வரும்வரை அவிழ்க்கக்கூடாது, நிமிர்த்தவும் கூடாது என்றாள். நிமிர்த்தித் தூக்குக்குண்டு பிடித்து முட்டுக் கொடுக்க ஒரு மணித்தியாலமாவது வேண்டும், கடைசிக் கரண்டிக் கலவையை மட்டும் நேரத்துக்கு வைப்போமே என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். நிமிர்ந்தால் வைத்ததாகத்தான் கணக்கு என்றாள். பத்தரைக்குப் பிறகு இராகு காலம். நிலைக்குக் கிட்டவும் போகவேண்டாம். ஐந்து ஆம்பிளைகள் பலா மரத்துக்குக் கீழே குந்தியிருந்து ஒரு மஞ்சள் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டில மையத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இரிக்கி என்று றிஸ்மி மெல்லச் சொன்னான். பேசாமல் இருடா என்று மீராசாஹிபு அதட்டினார். அதட்டியவருக்கும் அதே நினைப்புத்தான்.

பன்னிரண்டு ஆனது. இராகு விட்டது. ஆட்கள் எழும்பி ஆளுக்கொரு மூலையில் கை வைத்தார்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. சுவிஸ் மகன் தொலைபேசிக்குள் படமாக வந்து, கொஞ்சம் பொறுங்கள், தெளிவாகத் தெரியவில்லை என்றான். பிறகு வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனான். கற்பூரத்தைக் கச்சான் அணைத்தது. மறுபடி கொளுத்தினார்கள், மறுபடி அணைத்தது. நிலைக்காலுக்குக் கீழே வைக்கவேண்டிய பொன் துண்டு பழைய வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு நல்லரெத்தினத்தின் மற்றக் காற்சட்டைக்குள் இருந்தது. ஒரு நிமிசமும் பிந்த விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனிதர் செருப்பில்லாமல் கொதி மணலில் ஓடினார்.

மாளிகைக்காட்டுப் பக்கமிருந்து பாங்கு கேட்டது.

மீராசாஹிபு கையை எடுத்துவிட்டு நின்றார். றிஸ்மி அவர் முகத்தைப் பார்த்தான். மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். விட்டுவிட்டுப் போவோம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஐந்து பேரும் அந்த நிமிசமே போயிருப்பார்கள். நல்லரெத்தினம் மூச்சு வாங்க ஓடிவந்து பொன்னைக் குழிக்குள் போட்டார். கற்பூரம் பிடித்தது. அபிஜித்து இன்னும் விடவில்லை, இப்ப, இப்ப என்றாள் தங்கேஸ்வரி. பிஸ்மில்லாஹ் என்று தூக்கினார்கள்.

நிலை இறங்கியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், நேர். மட்டம் வைத்துப் பார்த்தார், மட்டம். காலில் கலவையை அடைத்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். கடைசியில் உள்பக்கம் நின்று கட்டைவிரலை மேலிருந்து கீழே ஒரு தரம் இழுப்பது அவர் வழக்கம். விரல் துணிக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வந்தது. மேற்சட்டத்தில் ஏதோ முட்டியது. மாவிலை கட்டிய முடிச்சாக்கும் என்று விட்டார். பெண்கள் குரவையிட்டார்கள். வேட்டியும் வெற்றிலையும் வைத்த தட்டை தங்கேஸ்வரி நீட்டினாள். பிறகு வாறன் தங்கச்சி என்று தட்டைத் தொடாமலே மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

பள்ளியில் பிரசங்கம் பாதி போயிருந்தது. அவசரமாகக் கைகால் கழுவி ஒழுச் செய்துவிட்டுக் கடைசி வரிசையில் இருந்தார். முழங்கையில் ஒட்டியிருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். கத்தீபு எதைப் பற்றிக் கதைத்தார் என்று பிறகு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தொழுகைக்கு எழும்பினார்கள். முதல் றக்அத்தில் மனம் கொஞ்சம் அடங்கியது. இரண்டாவது றக்அத்தில் நெற்றி தரையில் பட்ட நேரம்தான் அது வந்தது.

கட்டைவிரல் காடிக்குள் விழவில்லை.

விழவேண்டும். உள்பக்கம் நின்று இழுத்தால் விரல் காடிக்குள் விழுந்து ஓடவேண்டும். விழவில்லை. மொட்டையாக வந்தது. அப்படியென்றால் மேலே முட்டியது மாவிலை முடிச்சல்ல. யானையின் தும்பிக்கை.

அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். தொழுகைக்குள் வரக்கூடாத நினைப்பு. தள்ளத் தள்ளத் தும்பிக்கை முன்னால் வந்து நின்றது. நாற்பது வருசத்தில் ஒரு நிலையைக்கூட மாற்றி வைக்காதவர், ஊரே கைராசி என்கிறவர், லட்சுமியைக் கொண்டுபோய் வீட்டுக்குள் பார்க்க வைத்து, கதவு தெருப்பக்கம் திறக்கிற மாதிரிப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

தொழுகை முடித்து ஸலாம் கொடுத்த கையோடு எழும்பினார். பின் ஸுன்னத்தைத் தொழவில்லை. றிஸ்மியின் தோளில் தட்டி, வா என்றார். கலவை இன்னும் இறுகியிருக்காது. முட்டைத் தட்டி, இளக்கி, தூக்கித் திருப்பி வைத்தால் கால் மணித்தியாலம். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

அங்கே மஞ்சள் துணியை அவிழ்த்திருந்தார்கள். தங்கேஸ்வரி வாசலுக்குள்ளே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லரெத்தினம் படியில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். துஷாந்தினியின் கண் சிவந்திருந்தது. மீராசாஹிபு அவர்களைக் கடந்துபோய்க் காலடிக் கலவையை விரலால் குத்திப் பார்த்தார். ஈரம். அல்ஹம்துலில்லாஹ் என்று முட்டில் கை வைத்தார்.

“தொடாதீங்க காக்கா,” என்றாள் தங்கேஸ்வரி.

“மாறிப் போச்சு தங்கச்சி. எண்ட பிழதான். கால் மணித்தியாலத்தில திருப்பிடுவன்.”

“நேரம் போயிற்று.”

“கலவ இன்னம் ஈரமா இரிக்கி. விரல வச்சுப் பாருங்க.”

“கலவைக்கு நேரமில்ல காக்கா. நிலைக்குத்தான் நேரம். நல்ல நேரத்தில வைச்ச நிலைய அதே நாள் புடுங்கினா அந்த வீட்டில ஆர் இருப்பாங்க?”

மீராசாஹிபுவுக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. ஐந்து மாதத்துக் கொதிப்பு. கல்லை நாட்டிய அன்றைக்கே பிடுங்கி மறுபடி நாட்டினோமே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டார். அது கல்லுத்தானே என்றாள். நிலைக்கு ஒரு நியாயம் கல்லுக்கு ஒரு நியாயமா என்றார். ஓம் என்றாள். நல்லரெத்தினத்தைப் பார்த்தார், மனிதர் தெருவைப் பார்த்தார். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பிடித்துத் திருப்பினால் முடிந்துபோகிற வேலை கண்ணுக்கு முன்னால் கல்லாகிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடவிடாமல் ஒரு பெண்பிள்ளை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“நான் போட்ட புள்ளடிய நீங்க மஞ்சத் தண்ணியில கழுவிட்டீங்க. துணியயும் சுத்திட்டீங்க. நிமித்தவும் விடல்ல. இப்ப திருத்தவும் விடுறீங்க இல்ல. எனக்கு இரிக்கிறது ரெண்டு கைதான் தங்கச்சி,” என்றார். சொன்ன பிறகு, புள்ளடி கழுவுப்பட்டிருந்தால் என்ன, தூக்குமுன் துணிக்கு மேலால் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும் என்பது நினைவில் வந்து குத்தியது. பாங்கு சொன்ன அவசரத்தில் அவர் தடவவில்லை. அவ்வளவுதான்.

தங்கேஸ்வரி கோபிக்கவில்லை. சாத்திரியாருக்கு எடுத்தாள். சாத்திரியார், நேரம் சரி, முகம் பிழை, எடுத்தால் ஆவணிதான், எடுக்காவிட்டால் தனக்குத் தெரியாது, தன் பஞ்சாங்கத்தில் அதற்கு இடமில்லை என்றார். சுவிஸ் மகனுக்கு எடுத்தாள். அவனுடைய திருக்கணிதத்திலும் இல்லையாம். இந்த ஒரு விசயத்திலாவது இவர்கள் வேறு வேறு கதை சொல்லக்கூடாதா என்று மீராசாஹிபுவுக்குத் தோன்றியது.

கடைசியில் வாய் திறந்தது துஷாந்தினிதான்.

“அம்மா, தெருவால போறவங்களப் பார்த்துக்கொண்டிருந்தா லட்சுமிக்கு எங்கட வீட்டில என்ன வேலை? இப்ப எங்களத்தானே பார்க்கிறா.”

அவள் அதைக் கேலியாகச் சொன்னாளா, அழுகை முட்டிச் சொன்னாளா என்று தெரியவில்லை. தங்கேஸ்வரி மறுபடியும் மேலே பார்த்தாள். உள்ளே நின்று பார்க்கிறவளை நேராகத்தான் பார்த்தது அந்த முகம். அவள் முகத்தில் ஏதோ இளகியது. தட்டை எடுத்து வந்து மீராசாஹிபுவின் கையில் திணித்தாள். நிலை இருக்கட்டும் காக்கா, கதவை மட்டும் உள்ளே திறக்கிற மாதிரிச் செய்து தாருங்கள் என்றாள். ஓடாவியைக் கூப்பிட்டு, நின்ற நிலையிலேயே உள்பக்கம் புதுக் காடி வெட்டி, வெளிப்பக்கக் காடியை முதிரைச் சட்டம் வைத்து அடைக்கலாம். ஆகாத வேலை இல்லை, அசிங்கமான வேலை. தன் கையால் வைத்த நிலைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுக்க அவருக்கு உடம்பு கூசியது.

இரவாகுமுன் கலவை இறுகிவிட்டது. இனி யாரும் கேட்டாலும் திருப்ப ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டு நிற்கையில் மாப்பிள்ளையின் தாய் வந்து இறங்கினா. நிலை வைத்ததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாவாம். கேள்விப்பட்டது எது என்று முகத்தில் தெரிந்தது. தெருவில் நின்று மேலே பார்த்தா. அங்கே மொட்டை மரம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் திரும்பி நின்று பார்த்தா. தங்கேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு அசையாமல் நின்றாள். துஷாந்தினி பழைய வீட்டு அறையிலிருந்து வெளியே வரவில்லை.

“இதென்ன காக்கா, மாறியிருக்கு? தெரிஞ்சு வைச்சதா, தெரியாம வைச்சதா?”

மீராசாஹிபு கரண்டியைக் கீழே வைத்தார். தெரியாமல் வைத்தது என்று சொன்னால் இன்றோடு ஆவணி போய்விடும். தெரிந்து வைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தொழுகையில் நெற்றி வைத்தவர் அவர்தான். தங்கேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தெரியாமத்தான் வச்சன்மா,” என்றார். “பள்ளிக்குப் போற அவசரம். மாறிட்டு. திருப்பப் பாத்தன், தங்கச்சி விடல்ல. நிலை ஆடாது, அசையாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆவணிக்கு முந்தித் திறப்புத் தாறண்டு சொன்னன், தருவன். மத்தது எனக்குத் தெரியா.”

மாப்பிள்ளையின் தாய் அவரை மேலும் கீழும் பார்த்தா. பிறகு லட்சுமியைப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

“நீங்க நினைச்சு வைக்கல்ல,” என்றா மெதுவாக. “அவவே திரும்பியிருக்கா.”

மீராசாஹிபு இல்லையம்மா, என் பிழைதான் என்று தொடங்கினார். அவ கேட்கவில்லை. கைராசிக்காரர் கையில் தானாகத் திரும்புகிறதென்றால் அது சும்மா திரும்பாது என்று தங்கேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருந்தா. தங்கேஸ்வரி ஓம் ஓம் என்று தலையாட்டினாள். கண்ணால் தண்ணி வழிந்தது. அபிஜித்து என்றால் அபிஜித்துத்தான் என்று நல்லரெத்தினம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டார். பழைய வீட்டு அறைக் கதவுச்சீலை அசைந்தது. உண்மையைச் சொன்ன மனிதன் ஒரு பக்கம் கரண்டியோடு நிற்க, மூன்று பேரும் ஆவணியில் எந்த நாள் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தேத்தண்ணி குடித்து முடித்து, போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் சுவர் பக்கம் வந்தா.

“காக்கா, எங்கட மூத்தவளின்ர வீட்டுக்கும் ஆவணியில நிலை வைக்கோணும். நீங்கதான் வரோணும். இதே மாதிரி உள்ள பார்க்க வைச்சுத் தாங்க.”

ஓடாவியிடம் சொல்லிக் காடியை முதலிலேயே மற்றப் பக்கம் வெட்டச் சொல்லுங்கள் என்றார் மீராசாஹிபு. அதெல்லாம் வேண்டாம், வழமை மாதிரிச் செய்து, நீங்கள் மாற்றி வைத்தால்தான் சரி என்றா. அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வெயில் உச்சியில் நின்றது.

“வெள்ளிக்கிழம மட்டும் வேணாம்மா.”

“நல்ல நேரம் வெள்ளிக்கிழமையிலதானே காக்கா வருகுது,” என்றுவிட்டு அவ செருப்பைப் போட்டுக்கொண்டா.

றிஸ்மி சிரிப்பை அடக்க முடியாமல் சுவருக்குப் பின்னால் போனான். மீராசாஹிபு கலவைத் தாச்சியைக் காலால் தள்ளினார். நிலை வைத்தாயிற்று, இனி முன்சுவருக்கு எந்த மாதமும் தடையில்லை. அவர் முதல் கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அதை ஒரு தரம்தான் வைத்தார்.